கடைசியாகத் துப்புரவு செய்த தேதி

ரயில் வருகிறதென்றுதான் நினைத்தேன்.
எங்கள் பள்ளத்தாக்கில் தண்டவாளத்தைப் பெயர்த்து
அறுபது ஆண்டாகிறது.
சுவருக்குள் ஓடியது அது,
அடுப்பிலிருந்து கூரைக்கு.
காலுறையோடு பனியில் இறங்கிய இட்வல்
அண்ணாந்து பார்த்து
"நெரிஸ், அழகா இருக்கு" என்றான்.
பிறகுதான் கத்தினான்.

தீயணைக்க வந்தவர்களில் ஒருவன்
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில்
ஆறு வருடம் கடைசி இருக்கைக்குச் சண்டை போட்டவன்.
பூட்ஸைக் கழற்றட்டுமா என்று கேட்டு
பதில் வருமுன் கம்பளத்தில் நடந்தான்.

விடிந்தபோது வீடு நின்றிருந்தது.
படுக்கையறைச் சுவரில் மட்டும்
உத்தரத்திலிருந்து கட்டில் தலைமாடு வரை
ஒரு விரிசல்.
சுண்டுவிரல் நுழைந்தது. உள்ளே
இன்னும் சூடு.

*

தொலைபேசியில் நாற்பது நிமிடம் வயலின்.
பிறகு ஒரு பெண்
எல்லாரும் நலமா என்றாள் எடுத்த எடுப்பில்.
அதற்கு நான் அழுததை
எந்தக் கட்டத்தில் குறித்தாளோ.

படிவம் பதினோரு பக்கம்.
பொருள், வயது, வாங்கிய விலை, ஆதாரம்.
திரைச்சீலை. நான்கு ஆண்டு. எண்பது பவுண்டு. ஆதாரம் இல்லை.
கம்பளம். கல்யாணத்துக்கு வந்தது. விலை கேட்கவில்லை.
எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபமாம்.
பிடுங்கினதற்கும் ரசீது வேண்டும் இங்கே.

புகை நாற்றத்துக்கு வரிசை ஒதுக்கவில்லை.
ரொட்டியில் இருக்கிறது அது, தலையணையில்,
என் சீருடையில்.
பேருந்தில் ஏறும் பிள்ளைகள் மூக்கைப் பொத்தி
"பேக்கன் அத்தை" என்கிறார்கள்.

ஏழாம் பக்கம், பதினான்காம் கேள்வி:
புகைபோக்கியைக் கடைசியாகத் துப்புரவு செய்த தேதி?

"அக்டோபர்" என்றான் இட்வல்.
எந்த அக்டோபர் என்று நான் கேட்கவில்லை.
இருவரும் கெட்டிலைப் பார்த்தோம்.
ஒருமுறை துடைக்க எழுபது பவுண்டு.
ஒரு வருடம் கார் டயர்.
அடுத்த வருடம் அவன் பல்.
அதற்கடுத்தது ஞாபகமே இல்லை, அவ்வளவுதான்.

*

மதிப்பீட்டாளர் ஆக்லண்ட் ஏணியில் ஏறி
கயிற்றில் ஒரு கேமராவை இறக்கினார்.
இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டின்
தொண்டையை
அன்றைக்குத்தான் பார்த்தேன்:
தாராய் மின்னும் கறுப்பு,
நடுவில் பாதி கருகிய குச்சிகள், ஆட்டு ரோமம்,
ஒரு நீல நூல்.

"காக்கைக் கூடு."
சாம்பல் கழுத்துக் காக்கைகள்.
போன வசந்தம் முழுக்க
ஒவ்வொரு குச்சியாகப் போட்டு
நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி போட்டு.
காலையில் கேட்ட சத்தம் எலி என்றிருந்தோம்.

இட்வல் நிமிர்ந்தான். "அப்போ எங்க தப்பில்ல."
ஆக்லண்ட் கண்ணாடியைத் துடைத்தார்.
பறவையால் வந்த சேதம் பாலிசியில் சேராது.
தாரால் வந்த தீ என்றால் சேரும்,
புகைபோக்கியைத் துடைத்திருந்தால்.

பிறகு ஏழாம் பக்கத்தில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.
"நினைவிருக்கிறதை எழுதுங்கள்" என்று
ஜன்னலுக்குப் போய்
ஆடுகளைப் பார்த்தபடி நின்றார்.
அவ்வளவு நேரம் பார்க்க
ஆடுகளில் ஒன்றுமில்லை.

நான்கு அக்டோபருக்கு முந்தைய அக்டோபரை எழுதினேன்.
நேர்மை என்று சொல்லமாட்டேன்.
பேனா மையில் அந்த வருடம்தான் வந்தது.
இட்வல் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

*

பதினோரு வாரம் கழித்துக் கடிதம்:
கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்,
அதில் நாங்களே ஏற்கவேண்டிய பங்கு கழிவு.
விரிசலைப் பூசியாயிற்று.
பூச்சு வேறு வெள்ளை.
விளக்கணைத்த பிறகும்
அது எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.

துடைக்க வந்த பெண் கையெழுத்திட்ட சான்றிதழை
இட்வல் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான்,
பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் மாதிரி.

மேலே புதுக் கம்பி மூடி.
அதன்மேல் இன்று காலை ஒரு காக்கை,
தலையைச் சாய்த்து, சாய்த்து,
கம்பிக்குள் உற்றுப் பார்க்கிறது.
அலகில் ஒரு குச்சி.
நான் பேருந்தைக் கிளப்பும் வரை
அதைக் கீழே போடவில்லை.